அதே நிரல், வேறு விடை: கணினி அறிவியல் ஆய்வு மாணவரின் அன்றாடத்திலிருந்து

கேள்வி ஒன்றாக இருந்தால் கணினி தரும் விடையும் ஒன்றாகத்தான் இருக்கும் என்பது இளநிலைப் படிப்பில் நமக்கு ஏற்படும் நம்பிக்கை. லேப் வகுப்பில் ஒரு நிரலை எழுதுவோம், ஓட்டுவோம், வெளியீடு சரியாக வந்தால் ரெக்கார்டு நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்குவோம். அதன் பிறகு அந்த நிரலை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஆய்வு மாணவராகச் சேர்ந்ததும் இது மாறிவிடுகிறது. ஒரே நிரலை நூறு முறை ஓட்ட வேண்டும். ஆறு மாதம் கழித்து வேறொருவர் வேறொரு கணினியில் ஓட்டினாலும் அதே எண் வர வேண்டும். சில நாள் வருவதில்லை. ஏன் வருவதில்லை என்று தேடுவதிலேயே ஆய்வு மாணவரின் நாட்களில் பெரும்பகுதி போகிறது. அப்படித் தேடும்போது கைக்கு வந்த சில விவரங்களும் பழக்கங்களும் இந்தக் கட்டுரையில் உள்ளன. கணினி அறிவியல் படிக்காதவர்களுக்கும், எக்செல் கோப்பில் புள்ளிவிவரம் வைத்திருப்பவர்களுக்கும் இவற்றில் சில பயன்படலாம்.

கோப்புகள் எந்த வரிசையில் வருகின்றன?

ஒரு கோப்புறையைத் திறந்தால் கோப்புகள் அகர வரிசையில் நிற்கின்றன. அவை அப்படித்தான் வட்டில் இருக்கின்றன என்று நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் திரையில் காட்டும் மென்பொருள்தான் அவற்றை வரிசைப்படுத்திக் காட்டுகிறது. பைத்தான் மொழியில் "இந்தக் கோப்புறையில் உள்ள கோப்புகளின் பெயர்களைக் கொடு" என்று கேட்டால், வரும் பட்டியலுக்கு எந்த வரிசையும் உறுதியில்லை. இதை அந்த மொழியின் ஆவணமே சொல்கிறது. விண்டோஸில் பெரும்பாலும் அகர வரிசையில் வரும். லினக்ஸில் கோப்பு முறைமை எப்படி வைத்திருக்கிறதோ அப்படி வரும்.

இது சின்ன விஷயம்போலத் தோன்றும். 2014-இல் அமெரிக்க வேதியியலாளர்கள் சிலர், மூலக்கூறுகளின் காந்த ஒத்திசைவுக் கணக்குகளைச் செய்ய உதவும் பைத்தான் நிரல்களை நேச்சர் புரோட்டோகால்ஸ் இதழில் வெளியிட்டார்கள். ஒவ்வொரு மூலக்கூறு வடிவத்துக்கும் இரண்டு கோப்புகள் உண்டு. நிரல் அவற்றைச் சோடி சேர்த்துக் கணக்கிட வேண்டும். பட்டியல் அகர வரிசையில் வரும் என்று நம்பி அது எழுதப்பட்டிருந்தது. 2019-இல் ஹவாய் பல்கலைக்கழகத்தின் மனோவா வளாகத்தில் ஓர் ஆய்வு மாணவர் அதே தரவை அந்த நிரலுக்குக் கொடுத்துப் பார்த்தார். இயங்குதளத்துக்கு ஏற்ப விடை மாறியது. சில கணினிகளில் ஒரு மூலக்கூறின் கோப்பு இன்னொன்றின் கோப்போடு சோடி சேர்ந்துகொண்டிருந்தது. நிரல் நிற்கவில்லை, பிழைச் செய்தி எதுவும் வரவில்லை. தவறான எண்ணை அமைதியாகக் கொடுத்தது. அதற்குள் 150-க்கும் மேற்பட்ட ஆய்வுக் கட்டுரைகள் அந்த நிரலை மேற்கோள் காட்டியிருந்தன. அவை அனைத்தும் தவறு என்று பொருளல்ல. ஆனால் எந்தக் கட்டுரைக்கு எந்த இயங்குதளம் பயன்பட்டது என்று ஒவ்வொருவரும் தேடிப்பார்க்க வேண்டியதாயிற்று.

திருத்தம் ஒரே ஒரு சொல்: பட்டியலை வாங்கியதும் 'சார்ட்' செய்துவிட வேண்டும்.

வரிசைப்படுத்தும்போதும் ஒரு வேடிக்கை உண்டு. படம்1, படம்2, படம்10 என்று பெயர் வைத்தால் கணினியின் அகர வரிசையில் படம்1, படம்10, படம்2 என்று வரும், ஏனென்றால் அது எண்களை எழுத்துகளாகத்தான் பார்க்கிறது. படம்001, படம்002, படம்010 என்று முன்னால் சுழியம் போட்டு எழுதினால் தொல்லையில்லை. தேதியையும் ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் 2024-03-07 என்று எழுதினால் கோப்புகள் தாமாகவே கால வரிசையில் நின்றுவிடும். நாள், மாதம், ஆண்டு என்று எழுதும் நம் வழக்கம் கடிதத்துக்கு நல்லது, கோப்புப் பெயருக்கு ஆகாது.

ஒரு பட்டியலும் இரண்டு சதவீதமும்

மேலே சொன்ன செய்தியைப் படித்தபோது நான் சிரித்தேன். அடுத்த ஆண்டே அதன் தம்பி என்னிடம் வந்து சேர்ந்தது.

செய்திக் கட்டுரைகளைத் தலைப்புவாரியாகப் பிரிக்கும் ஒரு முறையைச் செய்துகொண்டிருந்தேன். பழைய முறையைவிட என் முறை ஏறக்குறைய இரண்டு சதவீதம் கூடுதலாகச் சரியாகப் பிரித்தது. அட்டவணையை நெறியாளருக்கு அனுப்பினேன், மாநாட்டுக்குக் கட்டுரை எழுதலாம் என்றார். கெடுவுக்கு இரண்டு வாரம் இருந்தபோது, வரைபடம் ஒன்று போடுவதற்காக நிரலை மறுபடி ஓட்டினேன். கூடுதலாகக் கிடைத்த அந்த இரண்டு சதவீதத்தைக் காணவில்லை. மீண்டும் ஓட்டினேன், பாதி திரும்பி வந்தது.

தற்செயல் எண்களுக்கான தொடக்க விதையை நான் நிலையாக 42 என்று வைத்திருந்தேன். கணினியில் தற்செயல் என்பது உண்மையான தற்செயல் அல்ல. ஒரு தொடக்க எண்ணிலிருந்து கணக்குப் போட்டு அடுத்தடுத்த எண்கள் வருகின்றன. தொடக்க எண் ஒன்றாக இருந்தால் வரிசையும் ஒன்றாக இருக்கும். டக்ளஸ் ஆடம்ஸின் நாவலில் வாழ்க்கை குறித்த இறுதிக் கேள்விக்கு விடையாக 42 வருவதால், உலகெங்கும் நிரலாளர்கள் அதையே விதையாக வைப்பது ஒரு வழக்கமாகிவிட்டது. என் நிரலிலும் 42 தான் இருந்தது. ஆனாலும் விடை மாறியது.

பத்து நாள் தேடினேன். கடைசியில் உதவியது மிகச் சாதாரணமான ஒரு வேலை. நிரலின் ஒவ்வொரு கட்டத்திலும் முதல் பத்து வரிகளை அச்சிட்டு, இரண்டு ஓட்டங்களின் வெளியீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். மூன்றாவது கட்டத்திலேயே இரண்டும் பிரிந்துவிட்டன. சொற்பட்டியலை நான் 'செட்' என்ற அமைப்பில் வைத்திருந்தேன். பைத்தானில் செட்டுக்கு வரிசை கிடையாது. அதுமட்டுமல்ல, 3.3 பதிப்பிலிருந்து சொற்களுக்கான ஹாஷ் மதிப்பு ஒவ்வொரு ஓட்டத்திலும் வேண்டுமென்றே மாற்றப்படுகிறது. இது பாதுகாப்புக்காகச் செய்த ஏற்பாடு. ஹாஷ் மதிப்பை முன்கூட்டியே கணிக்க முடிந்தால், ஒரே இடத்தில் போய் விழும் சொற்களாகத் தேர்ந்து ஆயிரக்கணக்கில் அனுப்பி ஒரு சர்வரையே திணறடிக்கலாம். அதைத் தடுக்கும் ஏற்பாடு, என் சொற்பட்டியலின் வரிசையை ஒவ்வொரு முறையும் கலைத்துப் போட்டது. விதை 42 ஆகவே இருந்தது. ஆனால் முதல் தற்செயல் எண் ஒரு நாள் "தேர்தல்" என்ற சொல்லுக்குப் போயிற்று, மறுநாள் "மழை" என்ற சொல்லுக்குப் போயிற்று.

இங்கேயும் சார்ட் என்ற ஒரு சொல்தான் திருத்தம். அதைச் சேர்த்ததும் எண் அசையாமல் நின்றது. நல்லவேளையாக, கூடுதல் இரண்டு சதவீதத்தோடேயே நின்றது. அப்படியே அனுப்பிவிடலாமே என்று எனக்கு ஆசை இருந்தது என்பதை மறைப்பதற்கில்லை.

நெறியாளரிடம் போய்ச் சொன்னேன். "பிழை கண்டுபிடிச்சாச்சு மேடம், இப்ப எத்தனை தடவை ஓட்டினாலும் இதே எண்தான்" என்றேன்.

"அது சரிப்பா. 42-க்குப் பதிலா 43 போட்டா?"

போட்டுப் பார்க்கவில்லை. அன்றிரவு பத்து வேறு விதைகளில் இரண்டு முறைகளையும் ஓட்டினேன். என் முறையின் விடைகள் ஒன்றுக்கொன்று மூன்று சதவீதம்வரை விலகி நின்றன. சராசரி எடுத்தால் பழைய முறையைவிடக் கூடுதல் என்று சொல்வதற்குப் பெரிதாக எதுவும் மிஞ்சவில்லை. நான் பிடித்து வைத்திருந்தது ஒரு நல்ல முறையை அல்ல, ஒரு நல்ல விதையை. அந்த மாநாட்டுக்குக் கட்டுரை போகவில்லை. ஓர் அரையாண்டு போயிற்று. உதவித்தொகையை நம்பி இருப்பவர்களுக்கு அது சிறிய காலமல்ல. பிறகு கட்டுரைகளைப் படிக்கும்போது என் கண் முதலில் அட்டவணையில் கூட்டல் கழித்தல் குறி போட்டு விலகல் கொடுத்திருக்கிறார்களா, எத்தனை முறை ஓட்டியிருக்கிறார்கள் என்றுதான் தேடுகிறது.

0.1 + 0.2

பைத்தானிலோ உங்கள் உலாவியின் ஜாவாஸ்கிரிப்ட் பலகையிலோ 0.1 + 0.2 என்று தட்டிப் பாருங்கள். 0.30000000000000004 என்று வரும். கணினிக்குக் கூட்டத் தெரியாமல் இல்லை. மூன்றில் ஒரு பங்கை நம் பத்தடிமான முறையில் எழுதினால் 0.3333 என்று முடிவில்லாமல் போகிறதல்லவா? அதேபோலப் பத்தில் ஒரு பங்கை ஈரடிமான முறையில் எழுதினால் 0.000110011001100 என்று முடிவில்லாமல் போகும். கணினியில் இடம் குறிப்பிட்ட அளவுதான், எங்காவது வெட்ட வேண்டும். வெட்டிய துண்டுதான் அந்தக் கடைசி 4.

இதனால் ஒரு விந்தையான விளைவு உண்டு. (0.1 + 0.2) + 0.3 என்று கூட்டினால் 0.6000000000000001 வரும். 0.1 + (0.2 + 0.3) என்று கூட்டினால் சரியாக 0.6 வரும். பள்ளியில் படித்த சேர்ப்பு விதி இங்கே செல்லாது. ஆயிரக்கணக்கான கூட்டல்களை ஒரே நேரத்தில் செய்யும் கிராபிக்ஸ் அட்டைகளில் எந்தக் கூட்டல் முதலில் முடியும் என்பது ஓட்டத்துக்கு ஓட்டம் மாறலாம். அதனால் எல்லாவற்றையும் நிலைப்படுத்திய பிறகும் கடைசி இலக்கங்கள் ஆடும். பணக் கணக்கு எழுதும் நிரலில் ரூபாயைப் புள்ளி வைத்து எழுதாமல் பைசாவாக முழு எண்ணில் வைத்துக்கொள்ளச் சொல்வது இதனால்தான்.

இந்த வெட்டிய துண்டு உயிர்களையும் எடுத்திருக்கிறது. வளைகுடாப் போரின்போது 1991 பிப்ரவரி 25 அன்று சவூதி அரேபியாவின் தஹ்ரானில் இருந்த பேட்ரியட் ஏவுகணைத் தடுப்பு அமைப்பு, வந்துகொண்டிருந்த ஸ்கட் ஏவுகணையைத் தடுக்கத் தவறியது. 28 அமெரிக்கப் படைவீரர்கள் இறந்தார்கள். அந்த அமைப்பின் கடிகாரம் நேரத்தைப் பத்தில் ஒரு விநாடி அலகில் எண்ணியது. அதை விநாடியாக மாற்ற 24 பிட் இடத்தில் வெட்டி வைத்த 0.1-ஆல் பெருக்கினார்கள். ஒரு பெருக்கலில் பிழை மிக மிகச் சிறியது. ஆனால் அமைப்பு 100 மணி நேரம் நிறுத்தாமல் ஓடியிருந்தது. பிழை வளர்ந்து 0.34 விநாடி ஆகியிருந்தது. அந்த நேரத்தில் ஸ்கட் அரைக் கிலோமீட்டருக்கும் மேல் கடந்துவிடும். நீண்ட நேரம் ஓடினால் பிழை வரும் என்பது முன்பே தெரிந்திருந்தது. ஆனால் எவ்வளவு நேரம் நீண்ட நேரம் என்று களத்தில் இருந்தவர்களுக்குச் சொல்லப்படவில்லை. திருத்திய மென்பொருள் தஹ்ரானுக்கு வந்து சேர்ந்தது பிப்ரவரி 26 அன்று.

தமிழ் எழுத்துகளோடு வேலை செய்பவர்களுக்கு

தமிழ்த் தரவை வைத்து ஆய்வு செய்பவர்களுக்கு இன்னொரு தனித் தொல்லை காத்திருக்கிறது. "தமிழ்" என்ற சொல்லில் எத்தனை எழுத்து? மூன்று என்று ஒன்றாம் வகுப்புக் குழந்தை சொல்லும். பைத்தான் ஐந்து என்று சொல்லும். ஒருங்குறியில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று ஐந்து குறியீடுகளாக அது இருக்கிறது. யூடிஎஃப்-8 முறையில் சேமித்தால் ஒவ்வொன்றுக்கும் 3 பைட், ஆக 15 பைட். ஆங்கிலச் சொல்லைத் திருப்பிப் போடுவதுபோலத் "தமிழ்" என்பதைத் திருப்பிப் போட்டால் புள்ளி முன்னால் வந்து எழுத்தே உடைந்துவிடும். தமிழில் இருவழிச் சொல் தேடும் நிரலை எழுத ஆசைப்படும் மாணவர்கள் எல்லோரும் முதலில் முட்டிக்கொள்ளும் சுவர் இது. குறியீடுகளை எழுத்துகளாகச் சேர்த்த பிறகுதான் வேலையைத் தொடங்க வேண்டும்.

அதைவிட மோசமானது, பார்வைக்கு ஒன்றாக இருந்து உள்ளே வேறாக இருக்கும் எழுத்துகள். "கொ" என்ற எழுத்தில் ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், எகரக் கொம்பும் காலும் என்று இரண்டு குறியீடுகளாகவும் எழுதலாம். திரையில் வேறுபாடு தெரியாது. "கொடி" என்று தேடினால் ஒரு வகை கிடைக்கும், மற்றது கிடைக்காது. இதற்கு ஒருங்குறி அமைப்பே ஒரு தீர்வு வைத்திருக்கிறது. நார்மலைசேஷன் என்ற படியில் இரண்டையும் ஒரே வடிவுக்குக் கொண்டுவந்துவிடலாம். தமிழ்த் தரவைப் படிக்கும் முதல் வரியிலேயே இதைச் செய்துவிடுவது நல்லது.

அதற்கும் அடங்காத ஒன்று ஔகாரம். "கௌதமன்" என்று எழுத வேண்டிய இடத்தில் எகரக் கொம்பு போட்டுப் பக்கத்தில் ளகரத்தைத் தட்டி "கெளதமன்" என்று எழுதுபவர்கள் இணையத்தில் ஏராளம். கண்ணுக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். கணினிக்கு இரண்டாவது ஒரு நான்கெழுத்துச் சொல் அல்ல, கெ-ள-த-ம-ன் என்ற ஐந்தெழுத்துச் சொல். நார்மலைசேஷன் இதைத் தொடாது, ஏனென்றால் "கெளுத்தி" என்ற மீனின் பெயரில் அதே கெ-ள முறையாகவே வருகிறது. சொல்லுக்குச் சொல் பார்த்துத்தான் திருத்த வேண்டும். ௭ என்ற தமிழ் எண்ணும் எ என்ற எழுத்தும், ௮ என்ற எண்ணும் அ என்ற எழுத்தும் ஒன்றின் இடத்தில் மற்றொன்று புகுந்திருப்பதும் உண்டு. சில பழைய பக்கங்களில் கண்ணுக்கே தெரியாத இணைப்பு நீக்கிக் குறிகள் சொற்களின் நடுவில் கிடக்கும். ஒரு சொல் பட்டியலில் இரண்டு முறை தோன்றினால் கண்ணை நம்ப வேண்டாம், அதன் குறியீட்டு எண்களை அச்சிட்டுப் பாருங்கள்.

இரவில் ஓடும் வேலைகளும் தொலைந்த கோப்புகளும்

சர்வரில் ஒரு வேலையை ஓடவிட்டு மடிக்கணினியை மூடிவிட்டுத் தூங்கப் போனால், காலையில் வேலை நின்றுபோயிருக்கும். இணைப்பு அறுந்ததும் 'ஹேங்-அப்' என்ற சைகை நிரலுக்குப் போகிறது. தொலைபேசிக் கம்பி வழியே மோடம் வைத்துக் கணினியோடு பேசிய காலத்தில் ரிசீவரை வைத்துவிட்டதைக் குறித்த பெயர் அது. ரிசீவரே இல்லாத காலத்திலும் சைகை மட்டும் நிலைத்துவிட்டது. கட்டளைக்கு முன்னால் 'நோஹப்' என்று சேர்த்தால் போதும். 'டீமக்ஸ்' பழகிக்கொண்டால் இன்னும் வசதி, காலையில் வந்து விட்ட இடத்திலிருந்து பார்க்கலாம்.

பேக்கப் பற்றி எல்லோருக்கும் தெரியும், யாரும் செய்வதில்லை. செய்பவர்களும் அதிலிருந்து ஒரு கோப்பையாவது மீட்டெடுத்துப் பார்ப்பதில்லை. 1998-இல் டாய் ஸ்டோரி 2 படத்தின் கோப்புகள் தவறான ஓர் அழிப்புக் கட்டளையால் மறையத் தொடங்கின. பேக்கப் எடுத்துப் பார்த்தபோது அது ஒழுங்காக வேலை செய்யவில்லை என்று தெரிந்தது. குழந்தை பிறந்திருந்ததால் வீட்டிலிருந்து வேலை பார்த்த ஒரு பெண் அதிகாரியின் வீட்டுக் கணினியில் ஒரு நகல் இருந்தது. அதைப் போர்வையில் சுற்றிக் காரில் கொண்டுவந்துதான் படத்தைக் காப்பாற்றினார்கள். ஆய்வேட்டுக்குக் 'கடைசி', 'கடைசி2', 'உண்மையான கடைசி' என்று பெயர் வைப்பதை விட்டுவிட்டு 'கிட்' பழகுங்கள். லினக்ஸ் திட்டம் அதுவரை பயன்படுத்திய மென்பொருளின் இலவச உரிமம் நின்றுபோனதால் லினஸ் டோர்வால்ட்ஸ் 2005-இல் எழுதத் தொடங்கியது அது. ஒரே கணினியில் வைத்திருந்தால் கிட்டும் பேக்கப் ஆகாது என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

பேக்கப் நாடாக்களால் கிடைத்த ஒரு நல்ல செய்தியும் உண்டு. கார்னகி மெலன் பல்கலைக்கழகக் கணினித் துறையின் அறிவிப்புப் பலகையில், லிஃப்டில் பாதரசம் சிந்தியதாக எழுதிய வேடிக்கையைச் சிலர் உண்மையான எச்சரிக்கை என்று எடுத்துக்கொண்டார்கள். இனி வேடிக்கைக்கு :-) என்று குறி போடலாம் என்று ஸ்காட் ஃபால்மன் 1982 செப்டம்பர் 19 அன்று எழுதினார். அந்தப் பதிவு தொலைந்தே போயிருந்தது. 20 ஆண்டுகள் கழித்து 2002-இல் பழைய நாடாக்களில் தேடி எடுத்தார்கள்.

பொம்மையிடம் பேசுவது

பிழை பிடிபடாதபோது மேசைமேல் ஒரு ரப்பர் வாத்தை வைத்து, நிரலை வரிவரியாக அதற்கு விளக்குவது நிரலாளர்களின் பழக்கம். 1999-இல் வந்த தி பிராக்மாட்டிக் புரோகிராமர் என்ற நூலால் இது பரவலாயிற்று. விளக்க ஆரம்பித்தால், நாம் தாவிச் சென்ற வரியில் வாய் தானாக நின்றுவிடும். எங்கள் ஆய்வகத்தில் இருந்தது ஒரு தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மை. அது எல்லாவற்றுக்கும் ஆமாம் போடும் என்பதால் இந்த வேலைக்கு அவ்வளவு பொருத்தமில்லை என்பது என் கருத்து.

தேர்வுக்குப் பயந்து செய்ததுகூடச் சில சமயம் நிலைத்துவிடுகிறது. 1951-இல் எம்ஐடியில் ராபர்ட் ஃபானோ தன் மாணவர்களிடம், இறுதித் தேர்வு எழுதலாம் அல்லது ஒரு கட்டுரை எழுதலாம் என்றார். டேவிட் ஹஃப்மன் கட்டுரையைத் தேர்ந்தார். எழுத்துகளுக்கு மிகக் குறைந்த நீளமுள்ள ஈரடிமானக் குறியீடு அமைப்பது எப்படி என்பது கேள்வி. மாதக்கணக்கில் முயன்று, முடியாது என்று விட்டுவிட்டுத் தேர்வுக்குப் படிக்கப் போகும் தறுவாயில் விடை தோன்றியது. மற்றவர்கள் மேலிருந்து பிரித்துக்கொண்டு வந்தார்கள். அவர் மிக அரிதாக வரும் எழுத்துகளிலிருந்து தொடங்கிக் கீழிருந்து மேலாகக் கட்டினார். ஃபானோவே அந்தக் கேள்விக்கு முழு விடை காணாதவர் என்பது அவருக்கு அப்போது தெரியாது. ஜிப் கோப்புகளிலும் ஜேபெக் படங்களிலும் இன்றும் ஹஃப்மன் குறியீடு இருக்கிறது.

சோம்பலுக்குப் பயந்து செய்ததற்கும் சான்று உண்டு. கார்னகி மெலனில் கோக் இயந்திரம் இருந்த இடம் பலருடைய அறைகளிலிருந்து தொலைவு. நடந்து போனால் காலியாக இருக்கும், அல்லது அப்போதுதான் நிரப்பிய வெதுவெதுப்பான பாட்டில் வரும். 1982 வாக்கில் அதை வலையமைப்பில் இணைத்தார்கள். எந்த வரிசையில் பாட்டில் இருக்கிறது, உள்ளே போய் எவ்வளவு நேரமாயிற்று என்று இருந்த இடத்திலிருந்தே பார்க்கலாம். மூன்று மணி நேரம் கழிந்த பாட்டிலுக்குக் 'குளிர்ந்தது' என்று காட்டும். கேம்பிரிட்ஜில் 1991-இல் இதே காரணத்துக்காகக் காபிப் பாத்திரத்தின் முன் ஒரு கேமராவை வைத்தார்கள். 1993-இல் அந்தப் படம் வலைத்தளத்துக்கு வந்தது, உலகெங்கும் இருந்து மக்கள் அந்தக் கறுப்பு வெள்ளைப் படத்தைப் பார்த்தார்கள். 2001 ஆகஸ்ட் 22 அன்று கேமராவை நிறுத்தினார்கள். காபி இயந்திரம் ஏலத்தில் 3,350 பவுண்டுக்குப் போயிற்று.